பைக்கில் லடாக்: எதை வீட்டிலேயே முடிவு செய்வது, எதை வழியில் விட்டுவைப்பது

தமிழ்நாட்டிலிருந்து முதல் முறையாக லடாக்குக்குப் பைக்கில் கிளம்புகிறவர்களில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் முப்பது நாளைக்கும் அட்டவணை போட்டு, எந்த ஊரில் காலை டிபன், எந்த லாட்ஜில் ராத்தங்கல், எத்தனை மணிக்கு எந்தக் கணவாய் என்றெல்லாம் எழுதி, எல்லா ரூமுக்கும் முன்கூட்டியே பணமும் கட்டிவிடுவார். இன்னொருவர் எதையுமே பார்க்க மாட்டார், "கிளம்பிடலாம், மத்ததை வழியில பாத்துக்கலாம்" என்பார். முதலாமவர் மத்தியப் பிரதேசத்தில் ஒரு மழையில் அரை நாளை இழந்ததுமே, அதற்கப்புறம் வரிசையாக நிற்கும் புக்கிங்குகளைக் காப்பாற்றுவதற்காக இருட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட ஆரம்பிப்பார். இரண்டாமவர் சமவெளி முழுக்க ஆனந்தமாகப் போய்விட்டு, மலைக்குள் நுழைந்ததும் சிம் வேலை செய்யாமல், டேங்கில் பாதி பெட்ரோலோடு, 4,000 மீட்டர் உயரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வழியில் போய்ச் சரிசெய்ய முடியாத விஷயங்கள் கொஞ்சம்தான், அவற்றை மட்டும் வீட்டில் உட்கார்ந்து கறாராக முடிவு செய்யுங்கள். மற்றவை எல்லாவற்றையும், குறிப்பாக எங்கே தூங்குவது, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவது என்பதை, வழியிலேயே முடிவு செய்யப் பழகுங்கள். எது எந்தப் பக்கம் சேரும் என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: மாதம்

இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வழியில் விடாதீர்கள். சென்னையிலிருந்து லே போவது ஒரே வானிலையில் நடக்கும் பயணம் இல்லை. மே, ஜூனில் கிளம்பினால் நாக்பூரிலிருந்து ஜான்சி வரைக்கும் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜாக்கெட், ஹெல்மெட், கையுறை போட்டுக்கொண்டு அந்த வெயிலில் ஓட்டுவது சாதாரண விஷயமில்லை, அங்கேயே உடம்பில் பாதி தெம்பு போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் போனால் லடாக் நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற இமாச்சலத்திலும் ஜம்முவிலும் மழை. 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் குலு - மணாலி சாலையை அரித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். அந்த மாதங்களில் அமர்நாத் யாத்திரையும் நடப்பதால் ஜம்மு - ஸ்ரீநகர் சாலையில் வாகனங்களை நேரம் பார்த்துத்தான் விடுவார்கள்.

என் கணக்கில் புதியவருக்கு நல்ல நேரம் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கிளம்பி செப்டம்பர் முழுக்க ஓட்டுவது. போகும்போது கொஞ்சம் நனைவீர்கள், ஆனால் மேலே போய்ச் சேரும்போது வானம் தெளிந்திருக்கும், திரும்பும்போது வடக்கே மழைக்காலம் விலக ஆரம்பித்திருக்கும். பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும் ஓடைகளிலும், அங்கே நாலா என்பார்கள், ஜூன், ஜூலையில் இருக்கும் வேகம் செப்டம்பரில் இருக்காது. மணாலி வழி குளிர்காலம் முழுக்க மூடியிருந்து, பனியை அகற்றிய பிறகுதான் திறக்கும், அக்டோபருக்குப் பிறகு பனி எந்த நாளும் அதை மூடிவிடலாம். திறப்பதும் மூடுவதும் பார்டர் ரோட்ஸ் ஆர்கனைசேஷன், அதாவது பி.ஆர்.ஓ., பனியை அள்ளுகிற வேகத்தைப் பொறுத்தது. போன வருடம் இந்தத் தேதியில் திறந்திருந்தது என்று நம்பி விடுமுறை எழுதிக் கொடுக்காதீர்கள். காஷ்மீர் பக்கம் போவதென்றால் கிளம்பும் வாரத்தில் பாதுகாப்பு நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது

லேவுக்குப் பிரபலமான வழிகள் இரண்டு. ஒன்று ஸ்ரீநகர், சோனாமார்க், கார்கில் வழி. இன்னொன்று மணாலி, கேலாங், சர்ச்சு வழி. இரண்டுமே நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேப்பில் பார்த்தால் எதில் போய் எதில் வந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும், ஆனால் உடம்புக்கு அப்படி இல்லை.

ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 3,528 மீட்டர் சோஜி லாவைக் (லா என்றால் கணவாய்) கடந்தாலும் ராத்திரி தூங்குவது கார்கிலில், அது 2,700 மீட்டருக்குள். மறுநாள் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவை ஏறி இறங்கி லேவில் சுமார் 3,500 மீட்டரில் படுப்பீர்கள். ஏற்றம் படிப்படியாக வருகிறது. மணாலி பக்கம் வேறு மாதிரி. மணாலி சுமார் 2,000 மீட்டர். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாய் ஏற்றம் இல்லாமல் போய்விட்டதால் பலரும் அதே நாளில் சர்ச்சு வரைக்கும் போய்விடுகிறார்கள். சர்ச்சு ஏறக்குறைய 4,300 மீட்டர். ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி அங்கே கூடாரத்தில் படுத்தால் ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வர எல்லா வாய்ப்பும் உண்டு. அதற்கப்புறம் இன்னும் உயரமான லாச்சுலுங் லாவும் 5,300 மீட்டரைத் தாண்டும் தாங்லாங் லாவும் இருக்கின்றன.

அதனால் ஸ்ரீநகர் பக்கம் ஏறி மணாலி பக்கம் இறங்குங்கள். லேவில் பல நாள் இருந்து பழகிய உடம்போடு இறங்கும்போது சர்ச்சுவிலும் தங்கலாம், பாங் என்ற இடத்தில் பாராசூட் துணிக் கூடாரத்திலும் தங்கலாம், பகல் மிச்சமிருந்தால் ஜிஸ்பாவரை வந்தும் படுக்கலாம். திசையை வீட்டில் சரியாக முடிவு செய்துவிட்டதால் அந்த நாட்களில் எங்கே தூங்குவது என்பதை அன்றைக்கே பார்த்துக்கொள்ள முடிகிறது. மணாலி பக்கம்தான் ஏறியாக வேண்டும் என்ற நிலை வந்தால், கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள், அதை மாற்றாதீர்கள்.

இப்போது மூன்றாவது வழியும் இருக்கிறது. மணாலி வழியில் வரும் தார்ச்சாவிலிருந்து 5,091 மீட்டர் ஷின்கு லா ஏறி, சன்ஸ்கார் பள்ளத்தாக்கின் பதும் வழியாக லேவுக்குப் பக்கத்து நிம்மு போகும் 298 கிலோமீட்டர் சாலையை 2024 மார்ச்சில் பி.ஆர்.ஓ. இணைத்தது. முதல் பயணத்தின் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டாம். ஆனால் லேவில் இருக்கும்போது அந்த வழியாக வந்த ரைடர்கள் யாராவது ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, உங்களிடம் மூன்று நாள் கூடுதலாக இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

மூன்றாவது: நாள் கணக்கு

சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கி.மீ. டெல்லியிலிருந்து ஜம்மு அறுநூறு. அப்புறம் ஸ்ரீநகர், லே. லடாக்குக்குள் சுற்றுவதையும் மணாலி வழியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 7,000 கி.மீ.க்கு மேல் போகும். நெடுஞ்சாலையில் ஒரு நாளைக்கு 350 முதல் 450, மலையில் 150 முதல் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஓட்ட முடியும்தான், ஆனால் தொடர்ந்து பத்து நாள் ஓட்ட முடியாது, ஓட்டினாலும் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இப்படிப் போட்டால் இருபத்தைந்து நாள் வரும். அதோடு ஐந்து நாள் சும்மா சேருங்கள். அந்த ஐந்து நாளுக்கு எந்த ஊர்ப் பெயரும் எழுதக் கூடாது. நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முப்பது நாள் விடுமுறை கிடைத்தால் முப்பது நாளையும் ஊர்களால் நிரப்பிவிடுகிறார்கள். நினைத்த இடத்தில் நிற்பது, பிடித்த ஊரில் இன்னொரு நாள் இருப்பது, இதெல்லாம் கையில் உபரி நாள் இருக்கிறவரால்தான் முடியும். ஜம்மு - ஸ்ரீநகர் சாலையில் ராம்பன் பக்கம் நிலச்சரிவில் ரோடு மூடினாலும் இந்த நாள்தான் கை கொடுக்கும், ஜான்சி பக்கத்து ஓர்ச்சா அரண்மனைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று தோன்றினாலும் இதே நாள்தான். மொத்தமே பதினெட்டு நாள்தான் லீவு என்றால் சமவெளியை வெட்டுங்கள், உபரி நாளை வெட்டாதீர்கள். பைக்கை ரயிலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்பிவிட்டு அங்கிருந்து ஆரம்பிப்பதில் ஒரு குறையும் இல்லை.

நான்காவது: மாற்ற முடியாதவற்றின் பட்டியல்

ஒரே ஒரு தாளில் இவற்றை மட்டும் எழுதுங்கள். ஒரு தாளுக்கு மேல் போனால் தேவையில்லாதது உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பெட்ரோல். சமவெளியில் கவலையே வேண்டாம். கேலாங்குக்கு முன்னால் தாண்டி என்ற ஊரில் இருக்கும் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை ரைடர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று. லேயிலிருந்து இறங்குகிறவர்கள் காரு ஊரில் நிரப்பிக்கொண்டால் இந்தப் பக்கமும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். உங்கள் வண்டி ஊரில் லிட்டருக்கு 35 கொடுக்கிறது என்றால் மலையில் 25 என்று கணக்குப் போடுங்கள், முதல் கியர் இரண்டாவது கியரிலேயே ஏறுவீர்கள். 365-ஐ 25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பதினைந்து லிட்டர். கிளாசிக் 350-இன் டேங்க் 13 லிட்டர்தான். ஆகவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மூடி ஒழுகாத நல்ல கேனாக, கட்டாயம் வேண்டும். வழியில் பாட்டிலில் கறுப்பு விலைக்குப் பெட்ரோல் கிடைக்கும் என்று சொல்வார்கள், கிடைத்தால் சரி, அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சிம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேண்டும். இதை ஜம்முவுக்குள் நுழையும் லக்கன்பூர் எல்லையில் நின்றுகொண்டு மாற்ற முடியாது, கிளம்புவதற்குப் பல நாள் முன்பே மாற்றி, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். போஸ்ட்பெய்ட் இருந்தாலும் கணவாய்களுக்கு நடுவே சிக்னல் இருக்காது. "இரண்டு நாள் போன் வராது, மூன்றாம் நாள் ராத்திரிவரை பயப்பட வேண்டாம்" என்று வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள். அம்மா, மனைவி தூங்காமல் காத்திருப்பார்கள் என்ற நினைப்பே உங்களை அவசரமாக ஓட்ட வைக்கும்.

காகிதங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தாலும் தாளிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத செக்போஸ்டில் போனைக் காட்ட முடியாது. வண்டி உங்கள் பெயரிலேயே இருப்பது நல்லது. வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்கை லே சுற்றுவட்டாரத்தில் ஓட்ட உள்ளூர் வாடகைக்காரர்கள் விடுவதில்லை, அதனால் யார் பெயரில் வண்டி என்று நிறுத்திக் கேட்பது உண்டு. லேவிலிருந்து நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி, ஹான்லே போக ஆன்லைனில் கட்டணம் கட்டிச் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். இந்த விதி அடிக்கடி மாறுகிறது, லே நிர்வாகத்தின் தளத்தைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் லே போனதும் ஒருமுறையும் பாருங்கள்.

பணம். யு.பி.ஐ. டெல்லி தாண்டியும் ஓடும், சிக்னல் நின்ற இடத்தில் அதுவும் நின்றுவிடும். ஸ்ரீநகரை விட்டுக் கிளம்பும்போது நான்கைந்து நாளுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும், இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

அப்புறம் உயரம். தூங்கும் இடம் 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஒரு இரவிலிருந்து அடுத்த இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். கடைத்தெருவில் மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். அப்புறம் முதலில் நூப்ரா போங்கள். வழியில் வரும் கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல் என்றாலும் மேலே பத்து நிமிஷம்தான் நிற்பீர்கள், நூப்ராவில் தூங்கப்போகும் திஸ்கித் லேவைவிடத் தாழ்வான ஊர். பாங்காங், ஹான்லே எல்லாம் 4,200 மீட்டருக்கு மேல், அவற்றைக் கடைசியில் வையுங்கள். உயரத்தால் வரும் தொல்லைக்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா அலர்ஜி இருந்தால் கண்டிப்பாக அதைச் சொல்லுங்கள். தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே கீழே இறங்க வேண்டும், ராத்திரியாக இருந்தாலும் ஒரு காரைப் பிடித்தாவது. லேவில் எஸ்.என்.எம். அரசு மருத்துவமனை இருக்கிறது, இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களை அங்கே தினமும் பார்க்கிறார்கள்.

ஐந்தாவது: வண்டி

எந்த வண்டி என்று கேட்டுக் கேட்டே பலர் ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். உங்களிடம் இருக்கிற வண்டி, நல்ல நிலையில் இருந்தால், போதும். 125 சிசி வண்டியில் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டி உயரத்தில் காற்று குறைவதால் இழுவை குறைந்து பெட்ரோலை அதிகம் குடிக்கும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் அது தானாகச் சரிசெய்துகொள்ளும், ஆனாலும் வேகம் குறையத்தான் செய்யும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே முழு சர்வீஸ் செய்துவிடுங்கள், முந்தின நாள் செய்யாதீர்கள். சர்வீஸில் எதையாவது சரியாக மாட்டாமல் விட்டிருந்தால் அது உள்ளூரில் ஓட்டும்போதே தெரிந்துவிட வேண்டும். செயின் ஸ்ப்ராக்கெட், டயர், பிரேக் பேட் மூன்றும் இன்னும் ஏழாயிரம் கிலோமீட்டர் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் நேராகக் கேளுங்கள், சந்தேகம் என்று சொன்னால் மாற்றிவிடுங்கள். புது கிளட்ச் கேபிள் ஒன்றை இப்போது இருக்கும் கேபிளோடு சேர்த்தே வண்டியில் இழுத்துக் கட்டிவையுங்கள், அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும். கூட எடுத்துப்போக வேண்டியவை: ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் பிரேக் லிவர், ஃபியூஸ், ஸ்பார்க் பிளக், செயின் லாக், எம்-சீல், இன்சுலேஷன் டேப், கேபிள் டை. ஸ்போக் வீல் என்றால் முன், பின் இரண்டுக்கும் டியூப், டயர் லிவர். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை வீட்டு வாசலில் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். செயினை 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து ஆயில் போடுவது, மழையில் ஓட்டினால் அன்றைக்கே.

ஆறாவது: ஒத்திகை

இதைச் சொன்னால் யாரும் செய்வதில்லை, தயவுசெய்து செய்யுங்கள். லடாக்குக்குக் கட்டப்போகும் அதே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு சனி, ஞாயிறு கொல்லிமலையோ வால்பாறையோ போங்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் மூட்டை ஆடுகிறதா, மூட்டையைக் கட்டும் பஞ்சி கயிறு (இழுத்தால் நீளும் கொக்கிக் கயிறு) பிடிக்கிறதா, முதுகு எங்கே வலிக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், அந்த ராத்திரிக்கு ரூம் புக் செய்யாமல் போங்கள். சாயங்காலம் தெரியாத ஊரில் இறங்கி, விசாரித்து, ரூமைப் பார்த்து, விலை பேசித் தங்குவது ஒரு பழக்கம். மொழி தெரிந்த ஊரில் அதை ஒருமுறை செய்துவிட்டால் மொழி தெரியாத ஊரில் கை நடுங்காது.

ஏழாவது: வழியில், ஒவ்வொரு நாளும்

இனிமேல்தான் திட்டத்தை விட்டுவிடும் பகுதி. விட்டுவிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அது தெரியாமல் விட்டால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதற்றம்தான் மிஞ்சும்.

முந்தின ராத்திரி மேப்பைத் திறந்து, போகும் வழியில் கிட்ட ஒன்று, நடுவில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மூன்று ஊர் பாருங்கள். உதாரணத்துக்கு நாக்பூரிலிருந்து வடக்கே போகும் நாளில் சிவனி, நர்சிங்பூர், சாகர். மூன்றிலும் லாட்ஜ் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு தூங்கிவிடுங்கள். காலையில் வெயிலுக்கு முன்னால், ஐந்தரை ஆறுக்குள் கிளம்புங்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு நிற்கும்போது, இரண்டு மணிவாக்கில், மூன்றில் எது என்று முடிவு செய்யுங்கள். காலையில் பெஞ்ச் காட்டை ஒட்டிய ரோட்டில், புலிகள் கீழே கடந்து போவதற்காகச் சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்களே, அங்கே நின்று நின்று வந்ததில் நேரம் போயிருந்தால் நர்சிங்பூர். மழை பிடித்துவிட்டால் சிவனியிலேயே நின்றுவிடலாம். உடம்பு தெம்பாக, ரோடும் காலியாக இருந்தால் சாகர். எதை எடுத்தாலும் தோற்றதாக நினைக்கத் தேவையில்லை, மூன்றுமே நீங்கள் பார்த்துவைத்த ஊர்தான்.

நான்கரைக்கு ஊருக்குள் நுழைந்துவிடுங்கள். முதல் கேள்வி ரூம் வாடகை இல்லை, வண்டியை உள்ளே நிறுத்த இடம் இருக்கிறதா என்பது. அப்புறம் ரூமைப் பார்த்துவிட்டுத்தான் பணம். பஞ்சாப் பக்கம் போய்விட்டால் பெரிய குருத்வாராக்களில் தங்க இடமும் லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாடும் உண்டு. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, மரியாதையாகப் போய்க் கேளுங்கள். லேவுக்கு 25 கி.மீ. முன்னால், ராணுவத்தினர் பராமரிக்கும் குருத்வாரா பத்தர் சாகிப்பில் நின்று ஒரு டீ குடிக்காமல் போகிற ரைடர் குறைவு.

வழியைக்கூட விட்டுவைக்கலாம். விஜயவாடா போனதும் ஹைதராபாத் வழியாகப் போவதா, வாரங்கல், சந்திரபூர் பக்கமாக நாக்பூரைப் பிடிப்பதா என்பதை அங்கே போய் முடிவு செய்தால் போதும். கோயம்புத்தூர், மதுரைக்காரர்கள் சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று 44-ஆம் நெடுஞ்சாலையிலேயே போனால் ஹைதராபாத் எப்படியும் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஹைதராபாத்தின் அவுட்டர் ரிங் ரோட்டில் பைக்குக்கு அனுமதி இல்லை, டெல்லியைச் சுற்றிப் போகும் ஈஸ்டர்ன் பெரிஃபெரல் எக்ஸ்பிரஸ்வேயிலும் இல்லை. கூகுள் மேப்பில் இருசக்கர வாகனம் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அதற்கு மேல் நுழைவாயிலில் இருக்கும் பலகையைப் பாருங்கள்.

கார்கிலிலிருந்து லே இருநூற்றுச் சொச்சம்தான், ஒரே நாளில் போகலாம். ஆனால் லாமாயூருவில் அந்த மஞ்சள் மண் மடிப்புகளுக்கு மேலே மடம் தெரியும்போது பலருக்கும் போக மனசு வராது. தலைவலி இல்லையென்றால் தங்குங்கள். லேயும் ஏறக்குறைய அதே உயரம்தான், உடம்புக்கும் நல்லது. முன்கூட்டியே ரூம் போடச் சொன்னால் நான் லேயில் மட்டும்தான் போடச் சொல்வேன், அதுவும் களைத்துப்போய் வந்து மூன்று ராத்திரி படுக்க வேண்டியிருப்பதால், தேதி மாற்ற முடிகிற இடமாகப் பார்த்து.

சில விஷயங்களில் அன்றன்றைக்கு முடிவு என்ற பேச்சே வேண்டாம். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. பின்விளக்கு எரியாத டிராக்டரும் ரோட்டில் படுத்திருக்கும் மாடும் எந்த மேப்பிலும் வராது. பனி உருகும் நாலாக்களில் காலையில் தண்ணீர் குறைவு, வெயில் ஏற ஏறப் பெருகி மத்தியானத்துக்கு மேல் இழுத்துத் தள்ளும். அதனால் நாலா அதிகம் இருக்கும் நாளில் விடிந்ததும் கிளம்புங்கள், தாமதமாகிவிட்டால் இக்கரையிலேயே தங்குங்கள். மலையில் எங்கே பங்கைப் பார்த்தாலும் டேங்கை நிரப்புங்கள்.

மலைக்குள் ரோடு நிலவரத்துக்கு மேப்பைவிட எதிரே வருகிற லாரி டிரைவர் நம்பகமானவர். தாபாவில் நின்று டீ வாங்கிக்கொண்டு கேட்டால் எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே தண்ணீர் ஓடுகிறது எல்லாம் சொல்வார்கள். லாஹௌல்-ஸ்பிதி போலீஸும் சமூக வலைத்தளங்களில் ரோடு திறப்பு விவரம் போடுகிறார்கள். காலையில் கேட்டது சாயங்காலத்துக்குச் செல்லாது, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்க வேண்டும்.

எட்டாவது: கூட வருகிறவர்கள்

அட்டவணைக்காரரும் "பாத்துக்கலாம்" ஆளும் ஒரே குழுவில் இருந்தால் மூன்றாம் நாள் சண்டை வரும். கிளம்பும் முன்பே உட்கார்ந்து மூன்று விஷயம் பேசிவிடுங்கள். மத்தியான முடிவில் யாருடைய சொல் கடைசி, அதை நாளுக்கு ஒருவர் என்று சுற்றில் விடலாம். ஒருவருக்கு உடம்பு முடியவில்லையென்றால் மொத்தக் குழுவும் நிற்குமா, ஒருவர் மட்டும் அவரோடு இருப்பாரா. பிரிந்து போக விரும்புகிறவர் கோபமில்லாமல் பிரிந்து, அடுத்த ஊரில் சேரலாமா. தலைவலி என்று ஒருவர் சொன்னால் அதில் மட்டும் ஓட்டெடுப்பு கிடையாது, அவர் சொன்னதுதான் முடிவு. நான்கு வண்டிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு டீக்கும் ஒரு மணி நேரம் போகும்.

கடைசியாக: திரும்பும் வழி

மணாலியில் இறங்கியதும் பயணம் முடிந்துவிட்டதுபோல இருக்கும், ஆனால் சென்னைக்கு இன்னும் 2,700 கிலோமீட்டர் இருக்கிறது. லீவு முடியப்போகிறது என்று ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு என்று விரட்டுவது இந்தக் கட்டத்தில்தான். அந்த ஐந்து உபரி நாளில் இரண்டையாவது இதற்காகக் கையில் வைத்துக்கொண்டு மணாலியில் இறங்குங்கள். அது செலவாகிவிட்டிருந்தால், அல்லது முதுகும் மணிக்கட்டும் போதும் என்று சொன்னால், டெல்லியில் வண்டியை ரயிலில் ஏற்றிவிடுங்கள், இந்த முடிவை அங்கே போய் எடுத்தால் போதும். நீங்கள் போகும் ரயிலிலேயே உங்கள் டிக்கெட்டைக் காட்டி அனுப்பினால் லக்கேஜ், தனியாக அனுப்பினால் பார்சல். ஆர்.சி., அடையாள அட்டை இரண்டின் நகலும் வேண்டும், டேங்கில் பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும், ஸ்டேஷன் வாசலிலேயே சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டிக் கொடுக்கிற ஆட்கள் இருப்பார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு அட்டையில் எங்கிருந்து எங்கே என்பதையும் உங்கள் போன் நம்பரையும் பெரிதாக எழுதி வண்டியில் கட்டி, பார்சல் ஆபீஸ் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், சென்னையில் வண்டியை எடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.